சுஷிமாவில் வீசும் காற்று

அன்புள்ள நண்பா,

நலம்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? ராத்திரியெல்லாம் விழித்திருந்து என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். ஒரு மாதமாக 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' என்ற வீடியோ கேம் விளையாடுகிறேன். 1274-இல் மங்கோலியப் படை ஜப்பானின் சுஷிமா தீவில் வந்து இறங்குகிறது. கடற்கரையில் எண்பது சாமுராய்கள் எதிர்த்துப் போய் மடிகிறார்கள். அதில் உயிர் தப்பும் ஜின் சகாய்தான் நான்.

எந்தப் பக்கம் போவது என்று காட்ட இதில் அம்புக்குறி கிடையாது. கன்ட்ரோலரில் விரலை மேலே இழுத்தால் காற்று வீசும். இடுப்பளவு வளர்ந்த வெள்ளைப் புல் ஒரு பக்கமாகச் சாயும். அந்தப் பக்கம் குதிரையை விட வேண்டியதுதான். ஒரு நாள் சண்டையை விட்டுவிட்டு ஒரு நரியின் பின்னாலேயே போனேன். ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், மறுபடி ஓடும். ஒரு பாறையோரம் இனாரி என்ற நெல் தெய்வத்தின் சின்னக் கோயிலில் கொண்டுபோய் விட்டது. கும்பிட்டுவிட்டு நரியைத் தடவிக் கொடுத்தேன். அன்றைய அலுப்பெல்லாம் போய்விட்டது.

ஆனால் அந்தக் காற்றேதான் என்னை உறுத்துகிறது. 1281-இல் மங்கோலியர் மறுபடி வந்தபோது புயல் அவர்கள் கப்பல்களைச் சிதறடித்தது. அதை 'காமிகாசே', தெய்வக் காற்று என்றார்கள். 1944-இல், இரண்டாம் உலகப் போரில், அதே பெயரைச் சூட்டித்தான் இளம் பையன்களை விமானத்தோடு எதிரிக் கப்பல்களில் மோத அனுப்பினார்கள். ஜினின் மாமா மானம், மானம் என்று பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பையன்கள் நினைவு வந்துவிடுகிறது. இத்தனைக்கும் அந்தப் பேச்சு 1274-க்கு உரியதே அல்ல. அன்றைய சாமுராய் முதலில் குதிரை மேல் வில் பிடித்தவன். புஷிடோ, அதாவது சாமுராய் அறம், என்று இன்று நாம் கேட்பது பெரும்பாலும் மெய்ஜி காலத்தில் (1868–1912) உருவம் பெற்றது.

இன்னொன்று, கொரியர்கள். அந்தக் கப்பல்களைக் கட்டச் சொல்லி கொரியாவைத்தான் மங்கோலியர் கசக்கிப் பிழிந்தார்கள். கொரிய வீரர்களும் மாலுமிகளும் அந்தப் படையில் வந்து செத்தார்கள். சுஷிமாவிலிருந்து கொரியாவின் பூசான் துறைமுகம் சுமார் 50 கிலோமீட்டர்தான். 1592-இல் ஜப்பானியப் படை கொரியாவுக்குள் புகுந்தது இந்தத் தீவின் வழியாகத்தான். விளையாட்டில் படையெடுப்பு ஒரு திசையில் மட்டுமே வருகிறது.

இருந்தும் விட முடியவில்லை, விட வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஏனென்றால் கதை மாமாவின் பக்கமே நின்றுவிடவில்லை. பின்னாலிருந்து குத்தினால் இழிவு என்கிறார் மாமா. ஊர் சனம் பிழைக்க வேண்டுமே என்கிறான் ஜின். முதல்முறை அப்படிக் குத்தியபோது என் கையும் தயங்கியது. மாமா சொல் எனக்குள்ளும் இறங்கியிருக்கிறது, பார்!

முடிவைச் சொல்ல மாட்டேன். பொங்கலுக்கு வா. கன்ட்ரோலரை உன்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்