பெற்றோர்களுக்குத் தலைமையாசிரியர் கடிதம்: பக்கத்தில் உட்காரும் பிள்ளை

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுக்கான அட்டவணையைப் பிள்ளைகளின் டைரியில் ஒட்டி அனுப்பியிருக்கிறோம். வேன் நேரத்தில் மாற்றமில்லை. இந்தக் கடிதம் வேறொரு விஷயத்துக்காக.

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான்காம் வகுப்புப் பக்கம் போனேன். ஒரு பையன் அரிசிம்பருப்புச் சோற்று டப்பாவை மடியில் வைத்து, கையால் மூடிக்கொண்டு சுவரோரமாக நகர்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண் குழந்தை, சப்பாத்தியைப் பிய்க்காமல் கையிலேயே வைத்திருந்தது. "ஏங்கண்ணு தள்ளி உக்காந்துட்டே?" என்று கேட்டேன். "அது இந்திக்காரப் புள்ளைங்க டீச்சர், அழுக்கு" என்றான். யார் சொன்னது என்றதற்கு, "எங்கூட்டுல எல்லாரும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்றான். அவன் முகத்தில் துளிக் கோபமில்லை. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னான். அதுதான் எனக்கு வேதனை.

அந்தக் குழந்தை வீட்டில் பேசுவது ஒடியா. தமிழ் எழுத்தை நம் பள்ளியில்தான் கற்றது. இப்போது வாழைப்பழம் என்று நம் பிள்ளைகள் பலரைவிடச் சுத்தமாகச் சொல்கிறது.

நம் பள்ளி கிறிஸ்தவப் பள்ளி. பிள்ளைகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல. அவர்களை மதம் மாற்றுவது எங்கள் வேலையும் அல்ல. ஆனால் காலை ஜெபத்தில் அன்பு அன்பு என்று பாடிவிட்டு, மதியம் ஒரு குழந்தையை ஒதுக்கினால் அந்த ஜெபத்துக்கு என்ன மதிப்பு? 'தேவனிடத்தில் அன்புகூருகிறேன்' என்று சொல்லியும் சகோதரனைப் பகைக்கிறவன் பொய்யன் என்று பைபிளில் யோவானின் முதல் நிருபம், அதாவது கடிதம், நேரடியாகவே சொல்கிறது.

லூக்கா 10ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவனைக் கள்ளர் அடித்துக் குற்றுயிராகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆலயக் குருவான ஆசாரியன் பார்த்துவிட்டு விலகிப் போகிறான், ஆலயப் பணி செய்யும் லேவியனும் அப்படியே. நின்றவன் சமாரியன். யூதர்கள் சமாரியரோடு புழங்காத காலம் அது. அவன் காயம் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, மறுநாள் இரண்டு பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். நம் ஊர்க் கணக்கில் அது இரண்டு நாள் கூலி. மனதுக்குள் இரக்கப்பட்டான் என்பதோடு கதை முடியவில்லை. கையில் இருந்ததைச் செலவழித்தான். கதை முடிந்ததும் அடிபட்டவனுக்கு யார் அயலான் என்று இயேசு கேட்க, 'எனக்கு அயலான் யார்?' என்று முதலில் கேட்ட வேத பண்டிதர் 'சமாரியன்' என்று வாய் திறந்து சொல்லவில்லை. 'இரக்கம் செய்தவன்' என்று மட்டும் சொன்னார். வெறுப்பு அவ்வளவு ஆழம். நாமும் பக்கத்து லைன் வீட்டுக்காரரைப் பெயர் தெரியாமல் 'வடக்கன்' என்றே வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. பனியன் கம்பெனியில் பீஸ் ரேட், அதாவது ஒரு துணிக்கு இவ்வளவு என்ற கூலி, ஏறவில்லை, வீட்டு வாடகை ஏறிவிட்டது, குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறது என்று காண்ட்ராக்டர் மிரட்டுகிறார். அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள், சங்கத்தில் சேர்ந்து கேளுங்கள். அன்பு என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது அல்ல. ஆனால் குறைந்த கூலிக்கு ஓவர்லாக் தையல் மிஷினில் குனிந்திருப்பவரும் நம்மைப் போல ஏமாற்றப்படுகிறவர்தான். தேனியிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் பெட்டியோடு பஸ் ஏறித் திருப்பூர் வந்த குடும்பங்கள் நம்மிலேயே எத்தனை! அன்று நமக்கு வீடு கொடுத்தவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம்.

2023 மார்ச்சில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வடமாநிலத் தொழிலாளர்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் செல்போன் செல்போனாகப் பரவின. வேறெங்கோ, வேறெதற்கோ நடந்த அடிதடி அதில் ஓடியது. பயந்துபோன குடும்பங்கள் ஊருக்கு ரயிலேறின. உண்மையைப் பார்க்க பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பியது. அந்த வீடியோக்களை அனுப்பியவர்களில் பலர் கெட்டவர்கள் அல்ல. விசாரிக்காமல் விரலால் தள்ளிவிட்டார்கள், அவ்வளவுதான். அப்படி ஒரு வீடியோ உங்கள் போனுக்கு வந்தால், யாரைப் பற்றியதானாலும், தயவுசெய்து உங்களோடு நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். இன்று இரவு சோறு போடும்போது, உன் வகுப்பில் வெளியூர்ப் பிள்ளைகள் பெயர் என்ன என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். தெரியாவிட்டால் நாளைக்குக் கேட்டுவரச் சொல்லுங்கள். சாதி சொல்லிக் கூப்பிடுவதற்கும் இதே பேச்சுதான். அதை இந்தப் பள்ளியில் ஒரு நாளும் விடமாட்டேன்.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டம். ஒடியாவும் இந்தியும் தெரிந்த இரண்டு தாய்மார்கள் மொழிபெயர்த்துச் சொல்ல வருகிறார்கள். கிறிஸ்துமஸ் விழாவன்று மதியம் எல்லோருக்கும் பந்திச் சாப்பாடு. பெற்றோரும் வகுப்புவாரியாகக் கலந்தே உட்காரலாம். பரிமாற ஆள் வேண்டும். வர முடிந்தவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்