பெட்டி கார்ட்டரை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த, அமெரிக்காவின் ஜாஸ் இசைப் பாடகியர் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வாகன் ஆகிய மூவரைப் பற்றியும் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவர்களைப் போலவே ஜாஸ் பாடகியான பெட்டி கார்ட்டரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. குரலின் இனிமையை மட்டும் அளவுகோலாக எடுத்தால் அவர் விடுபடுவார்தான். பிள்ளைகளைத் தேடிப்பிடித்து வித்வான்களாக ஆக்கியவர் யார் என்று கேட்டால், முதலில் வர வேண்டிய பெயர் அவருடையது.

மிச்சிகன் மாநிலத்தில் 1929இல் பிறந்து டெட்ராய்டில் வளர்ந்தவர். 1948இல் ஜாஸ் இசைக்குழுத் தலைவர் லயனல் ஹாம்ப்டனின் குழுவில் சேர்ந்தார். முதலாளியோடு ஓயாத சண்டை. ஹாம்ப்டன் அவரை ஏழு முறை வேலையைவிட்டு நீக்கினாராம்! பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணியை வைத்து 'பெட்டி பீபாப்' என்று அவர் வைத்த பட்டப்பெயர் இவருக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. ஆனாலும் அதில் 'பெட்டி' என்ற பாதி கடைசிவரை ஒட்டிக்கொண்டது.

1961இல் புகழ்பெற்ற பாடகர் ரே சார்லஸுடன் பாடிய இசைத்தட்டு பெயர் வாங்கித் தந்தது. அந்த வழியிலேயே போயிருந்தால் பணமும் வந்திருக்கும். அவர் போகவில்லை. ஜாஸுக்குச் சந்தை சுருங்கியிருந்த 1969இல், இரண்டு மகன்களையும் வளர்த்துக்கொண்டே, 'பெட்-கார்' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்.

1979 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் பதிவான அவருடைய கச்சேரியைக் கட்டுரையாளர் ஒருமுறை கேட்க வேண்டும். முதல் உருப்படியே இருபத்தைந்து நிமிடம். பெரும்பகுதி சொல்லே இல்லாத வெறும் ஒலிக்கோவை. அடுத்த அறையிலிருந்து என் மகள், "பாட்டு எப்போது தொடங்கும்?" என்று கேட்டாள். நான் கேட்டுக்கொண்டிருந்தது டிரம்ஸை. வாசித்த கென்னி வாஷிங்டனுக்கு அப்போது வயது 21. பெட்டி வேகத்தைக் கூட்டுகிறார், சட்டென்று இழுத்துப் பிடிக்கிறார். நம் மிருதங்கக்காரர் பாடகரின் வாயைப் பார்த்து வாசிப்பதுபோல் அந்தப் பையன் கூடவே திரும்புகிறான். இந்தப் பாடத்தை எந்த வகுப்பறையிலும் நடத்த முடியாது.

பியானோவில் மல்க்ரூ மில்லர், பென்னி கிரீன், சைரஸ் செஸ்நட், டிரம்ஸில் லூயிஸ் நாஷ் என்று அவரிடம் வாசித்துப் பின்னாளில் தனியாகப் பெயரெடுத்தவர்களின் பட்டியல் நீளம். பாடுகிறவருக்குப் பழகிய கைதான் சௌகரியம். இவரோ ஒரு பையன் தேறியதும் வெளியே அனுப்பிவிட்டு, அடுத்த புதுமுகத்தோடு ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குவார். அறுபதைத் தாண்டிய பிறகும் இதையே செய்தார். எனக்கு அவருடைய கிராமி விருதைவிட இந்தப் பொறுமைதான் பெரிதாகப் படுகிறது.

1993இல், தான் குடியிருந்த நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியிலேயே, அங்குள்ள இசை அகாதெமியில் 'ஜாஸ் அஹெட்' பயிற்சியைத் தொடங்கினார். இளைஞர்கள் தாங்கள் இயற்றியதையே கொண்டுவந்து, அவரோடு ஒத்திகை பார்த்து, மேடையேறினார்கள். 1998இல் அது வாஷிங்டன் நகரிலுள்ள கென்னடி கலை மையத்துக்குப் போயிற்று. அந்த ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானார். பயிற்சி அதன்பிறகும் அவர் பெயரிலேயே அங்கு நடந்துவந்தது.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் இவருக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கச் சொல்லுங்கள். படம் போடுவதானால், கேமராவைப் பார்த்துச் சிரிக்கும் படம் வேண்டாம். பாடிக்கொண்டே பியானோக்காரரைத் திரும்பிப் பார்க்கும் படமாகத் தேடிப் போடுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
தஞ்சாவூர்