பொங்கலுக்குள் புள்ளிக்கு 750 ரூபாய்: ஊர்ப் படக் காப்பகத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

சிவமயம்

நம்மூர் நகரத்தார் பெருமக்களுக்கும், இந்த ஊரில் பிறந்து வேறு ஊரில் வாழ்க்கைப்பட்ட ஆச்சிமார்களுக்கும், கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன இடத்திலேயே தங்கிவிட்ட வெளிநாட்டுப் புள்ளிகளுக்கும் (கல்யாணமான குடும்பம் ஒன்று ஒரு புள்ளி) படக் காப்பகக் குழுவின் வணக்கம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நம் படங்கள் இருக்கும் சர்வரின் ஒப்பந்தம் ஜனவரி 31-ஆம் தேதியோடு முடிகிறது. அந்தப் பழைய திட்டத்தையே நிறுத்துகிறார்களாம், நீட்டிக்க வழியில்லை. 38,000 படங்களையும் அதற்குள் வேறிடத்துக்கு மாற்றியாக வேண்டும். தேவை 4,40,000 ரூபாய். கையில் இருப்பது 2,63,000. குறைவது 1,77,000. பொங்கலுக்குள் இது சேர்ந்தால்தான் மாற்றும் வேலைக்கு இரண்டு வாரமாவது கிடைக்கும்.

இந்தக் காப்பகம் எப்படி வந்தது என்பது இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது. ஏழு வருஷத்துக்கு முன் நம்மூரில் ஒரு வீட்டைப் பிரித்தார்கள். தூண், நிலை, கதவு எல்லாம் லாரியேறின. பத்து நாள் கழித்து காரைக்குடி முனீஸ்வரன் கோயில் வீதியில் ஒரு பழம்பொருள் கடையில் அந்த வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தொங்கிய படங்களைப் பார்த்தோம். விலை பர்மாத் தேக்குச் சட்டத்துக்குத்தான். உள்ளே இருந்த படத்தைக் கடைக்காரர் உருவி, செய்தித்தாளில் சுருட்டி, "இது வேணும்னா சும்மா எடுத்துக்கங்க" என்று கொடுத்தார். பின்பக்கம் பென்சிலில் "மோல்மீன் 1931" என்று இருந்தது, மோல்மீன் பர்மாவில் ஓர் ஊர். கிட்டங்கி (தொழில் நடத்திய கட்டடம்) வாசலில் ஏஜெண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் அவருக்கு உதவியான அடுத்தாள். ஓரத்தில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையன், காலில் செருப்பில்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறான். ஊருக்குக் கொண்டுவந்து கோயில் வாசலில் விரித்தபோது ஓர் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. "இந்தப் பையன்தான் எங்க ஐயா" என்றார் பிறகு. 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். வேறு படமே அவருக்குக் கிடையாது.

ஏட்டைப் பாதுகாப்பது நமக்குப் புதிதல்ல. இசைகுடிமானம் என்ற கல்யாணப் பதிவு எழுதி வைத்தோம், மொய்ப்பண ஏடு வைத்தோம், தூரதேசத்து வரவு செலவையெல்லாம் பேரேட்டில் ஏற்றி இன்னும் பெட்டகத்தில் வைத்திருக்கிறோம். நம் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகப் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், அழைப்பிதழ் என்று சேர்த்துவைத்தார். அவர் 1992-இல் காலமானார். அந்தச் சேகரிப்பை வைத்தே 1994-இல் சென்னையில் அவர் பெயரில் நூலகம் எழுந்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஆராய்ச்சியாளர்கள் அங்கே வருகிறார்கள். ஒரு மனிதரால் முடிந்தது ஓர் ஊரால் முடியாதா என்ற எண்ணத்தில்தான் கோயில் அறை ஒன்றில் இந்த வேலையைத் தொடங்கினோம்.

இனி எங்கள் பிழையைச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் படங்களை டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டு வைத்தோம். பேரேட்டில் நகை இன்ன பெட்டகத்தில் என்று எழுதுவதுதான் முறை. நாங்கள் நகையையே பேரேட்டுக்குள் வைத்துக் கட்டினோம். படம் ஒன்று 6 எம்பி வீதம் பேரேடு 228 ஜிபி ஆகிவிட்டது. ராத்திரி எடுக்கும் பேக்கப் விடிந்தும் முடியாது. போன சித்திரையில் டிஸ்க் நிரம்பி, பாதியில் நின்ற பேக்கப்பையே நம்பியிருந்ததால், 214 படங்கள் திரும்பவில்லை. அவை வீட்டார் நேரடியாக ஏற்றியவை, எங்களிடம் மூலப்படி இல்லை. அதில் இரண்டு வீட்டார் வீட்டையும் விற்று, படத்தையும் தூக்கிப் போட்டிருந்தார்கள். அவர்களில் ஓர் ஆச்சிக்குப் போன் போட்டுச் சொன்ன நாளை மறக்க முடியவில்லை.

இன்னொன்று. 'ஐயா' என்று பெயர் வைத்து இரண்டு வீட்டார் படம் ஏற்றினார்கள். இரண்டாவது ஐயா முதல் ஐயாவை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். தமிழில் பெயர் வைப்பதிலும் சிக்கல் உண்டு. இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். இணைய முகவரியில் 'க' என்ற ஓர் எழுத்து மட்டும் 9 குறியாக நீளும். அதனால் புது ஏற்பாட்டில் கோப்புக்குப் பெயர் வைப்பது நாமல்ல. படத்தின் உள்ளடக்கத்திலிருந்தே எஸ்ஹெச்ஏ-256 முறையில் 64 குறியுள்ள கைரேகை ஒன்று வரும், அதுவே பெயர். ஒரே கோப்பை இருமுறை ஏற்றினாலும் ஒன்றாகவே நிற்கும், வேறு படத்தை அழிக்காது. "சாமி வீட்டு ஐயா, பழனிக் காவடி புறப்பாடு" என்ற நம் தமிழ்ப் பெயரெல்லாம் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கும். அங்கே பெயர், ஊர், ஆண்டு, படம் இருக்கும் இடம், இவ்வளவுதான். படம் தனியாக ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜில், அதாவது கோப்புகளை மட்டும் வைக்கும் இணையக் கிடங்கில்.

"போனில் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இவ்வளவு செலவு" என்று கேட்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. 8 அங்குலத்துக்கு 6 அங்குலப் படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 பிக்சல்) ஸ்கேன் செய்தால் 4,800-க்கு 3,600 பிக்சல். சுருக்காமல் டிஃப் என்ற கோப்பு வடிவில் வைத்தால் 52 எம்பி. எல்லாம் இதே அளவென்று கொண்டால் 38,000 படத்துக்கு ஏறக்குறைய 2 டெராபைட். ஜேபெக் என்ற சுருக்கிய வடிவை ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் நுணுக்கம் போய்க்கொண்டே இருக்கும், ஆகவே மூலம் டிஃப்தான். பார்ப்பவர்களுக்கு அதை அப்படியே அனுப்பக்கூடாது. பட்டியலில் காட்ட 25 கேபி சின்னப்படம், தொட்டால் திறக்க 300 கேபி நடுத்தரப்படம் என்று ஏற்றும்போதே வெப்பி என்ற இணையப் பட வடிவில் செய்து வைப்போம். ஒரு பக்கத்தில் 40 படம். முன்பு அந்தப் பக்கம் 240 எம்பி இழுத்தது, ஈப்போவில் ஓர் ஆச்சிக்கு ஒரே உட்காரலில் போன் டேட்டா தீர்ந்துபோனது. இனி 1 எம்பி. கீழே தள்ளத் தள்ள அடுத்த படம் வரும். பினாங்கிலோ லண்டனிலோ ஒருவர் திறந்தால் அவருக்குப் பக்கத்து சிடிஎன் (பல ஊர்களில் பிரதி வைத்துத் தரும் வலை) சர்வரே கொடுத்துவிடும்.

பூட்டிய வீடுகளைப் பற்றியும் யோசித்திருக்கிறோம். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு ஒளிந்திருக்கும். ஆளில்லாத வீட்டு முகப்பை அப்படியே ஏற்றினால் திருடனுக்கு வழிகாட்டியது போலாகும். வெளியே காட்டும் பிரதிகளிலிருந்து அந்தக் குறிப்பை ஆப் நீக்கிவிடும். குடும்பத்தார் மட்டும் பார்க்க வேண்டியவற்றுக்கு அரை மணி நேரம் மட்டுமே செல்லும் இணைப்பு உருவாகும்.

மூன்று வருஷச் செலவு இது. ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் மாதம் 4,000 வீதம் 1,44,000. வேறு ஊர் டேட்டா சென்டரில் இரண்டாவது படி 36,000. சிடிஎன் 54,000. ஆப் ஓடும் சர்வர் 72,000. கோயில் பெட்டகத்தில் வைக்க இரண்டு ஹார்ட் டிஸ்க் 20,000. இன்னும் ஸ்கேன் ஆகாத 9,500 நெகட்டிவுக்கு ஒன்றுக்கு 12 ரூபாய் வீதம் 1,14,000. மொத்தம் 4,40,000. எங்கள் யாருக்கும் இதில் ஒரு பைசா கிடையாது. ரசீதுகள் கோயில் அலுவலகத்தில் இருக்கின்றன, யாரும் வந்து பார்க்கலாம்.

இதுவரை தூக்கிப் பிடித்தவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. முதல் ஸ்கேனரை வாங்கிக் கொடுத்தவர் அதே ஈப்போ ஆச்சிதான், பெயர் போடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். மூன்று வருஷ சர்வர் வாடகையைச் சொல்லாமல் கொள்ளாமல் கட்டிவந்த சிங்கப்பூர் அண்ணனுக்கு நாங்கள் என்ன செய்து தீர்ப்போம்? பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே சனி, ஞாயிறில் சம்பளமில்லாமல் ஆப் எழுதிய நம்மூர்ப் பிள்ளைகள் இருவர், அறையும் கரண்டும் தந்த கோயில் காரியக்காரர்கள், காப்புக் கழற்றிய மறுவாரமே கல்யாண மொய்யில் ஒரு பங்கைக் கொண்டுவந்த மாப்பிள்ளை வீட்டார், எல்லாரும் நன்றாயிருக்க வேண்டும். 88 வயதில் ஞாயிறுதோறும் வந்து, பூதக்கண்ணாடி வைத்து, பெயர் தெரியாத முகங்களுக்கெல்லாம் பெயர் சொல்லும் அப்பத்தா பணமாக எதுவும் தரவில்லை. அவர் தந்ததற்கு விலை கிடையாது.

நம்மூரில் 318 புள்ளி. 82 புள்ளி தந்துவிட்டார்கள். மீதி 236. ஆளுக்கு 750 ரூபாய் என்றால் 1,77,000 சரியாக வந்துவிடும். கோயில் புள்ளி வரியில் ஒரு ரூபாய் பாக்கி வைக்காத ஊர் நம்மூர். போன ஆவணியில் மட்டும் நான்கு மணிவிழாப் பத்திரிகையில் இந்தக் காப்பகத்துப் பாட்டையா படங்கள் அச்சேறின. நான்கில் மூன்று வீட்டார் இன்னும் அந்த 236-இல்தான் இருக்கிறார்கள். யாரையும் புண்படுத்த எழுதவில்லை. படைப்பு வீட்டில் பேர் சொல்லிக் கும்பிடும் முன்னோர் முகம் பேத்தி கண்ணில் படாமல் போனால் அந்தக் குறை நம் எல்லாரையும் சேரும்.

முடிந்தவர்கள் 750-க்கு மேலும் தரலாம், முடியாதவர்கள் 100 ரூபாய் தந்தாலும் புள்ளி கணக்கில் வரவு வைப்போம். வங்கிக் கணக்கு விவரம் கோயில் அலுவலகப் பலகையிலும் பிள்ளையார் நோன்புச் சுற்றறிக்கையிலும் இருக்கிறது. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ள வரும் அன்று ரொக்கமாகவும் கொடுக்கலாம்.

படம் அனுப்புகிறவர்கள் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது சுருக்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். சட்டத்தோடு கொண்டுவந்தால் நாங்களே ஸ்கேன் செய்து அன்றே கையில் கொடுத்துவிடுவோம். ஞாயிறு காலை 9 முதல் 1 வரை அறை திறந்திருக்கும். பின்பக்க எழுத்தைத் துடைத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
படக் காப்பகக் குழு