ஜாமீனுக்கு இரண்டு கையெழுத்து

ஊர்ப் பெரியவர்களுக்கும், மந்தையில் என்னைப் பேசவிடாத சித்தப்பா, மாமன்மார்களுக்கும் வணக்கம்.

துப்பாக்கி வழக்கில் அண்ணனுக்கு இரண்டு வருடம் தீர்ப்பாகி இன்றோடு பதினொரு நாள். "மேல் கோர்ட்டுன்னு அலைஞ்சா தோட்டத்தத்தான் விக்கணும், பேசாம இருந்துட்டு வரட்டும்" என்று முடிவு சொல்லிவிட்டீர்கள். உள்ளே இருக்கப்போவது நீங்களா?

உரிமம் இல்லாத துப்பாக்கி குற்றம்தான், மறுக்கவில்லை. 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியதில் ஒரு வருடமாக இருந்த குறைந்தபட்சத் தண்டனை இரண்டாகிவிட்டது, கூடினால் ஐந்து. ஆனால் சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் எழுதிவைத்து நீதிபதி அதற்கும் கீழே இறக்கலாம் என்று அதே பிரிவில் இருக்கிறது. வக்கீல் காட்டினார், நானே வாசித்தேன்.

கோர்ட்டில் அந்தத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தபோதுதான் கிட்டத்தில் பார்த்தேன். கட்டை விரிந்து செம்புக் கம்பி சுற்றிய நாட்டுத் துப்பாக்கி. கழுத்தில் நூல் கட்டி, அட்டை தொங்கவிட்டு, அரக்கு வைத்திருந்தார்கள். கொட்டகைப் பரணில் எடுத்தது. அந்தக் கொட்டகை மூன்று வீட்டுக்குப் பொது என்று உங்களுக்குத் தெரியும். ஒருவர் வசம் இருந்தது என்றால், இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறதாம். வழக்குத் தொடர மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி ஒழுங்காக வாங்கப்பட்டதா என்றும் வக்கீல் பார்க்கிறார். மீதியை நான் இங்கே எழுதினால் வழக்குக்குத்தான் கேடு.

வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் என்பது 1987-ஆம் வருடச் சட்டம். அதனால் தோட்டத்தை விற்கிற பேச்சை விடுங்கள்.

எனக்கு வேண்டியது, மேல்முறையீட்டோடு கேட்கும் ஜாமீனுக்கு இரண்டு கையெழுத்து. தீர்ப்பு நாளிலேயே, மேல்முறையீடு போடும்வரை தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்டிருக்கலாம். மூன்று வருடத்துக்கு மேற்படாத தண்டனைக்கு அந்த வழி உண்டு. ஜாமீனுக்கென்று வந்த இரண்டு பேரும் டீ குடிக்கப் போனவர்கள் திரும்பவே இல்லை. பெயர் சொல்லமாட்டேன், மந்தையில் முன்வரிசையில்தான் இருந்தார்கள். அண்ணனை மதுரைக்கு வண்டியேற்றிவிட்டார்கள்.

கையெழுத்துப் போட்டால் நம் வீட்டுப் பரணையும் ஏறிப் பார்ப்பார்களோ என்று பயம். எதற்கு இந்தப் பயம் என்று எனக்கும் தெரியும். போலீஸ் ஒப்படைக்கச் சொல்லும்போது கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் வந்திருக்காது. ஜாமீன் போட்டவருக்குத் துப்பாக்கி வழக்கோடு சம்பந்தம் கிடையாது. அண்ணன் வாய்தாவுக்கு வராமல் போனால் பத்திரத்தில் எழுதிய தொகைக்குப் பொறுப்பு, அவ்வளவுதான். மிளகுக் கொடியையும் அண்ணியையும் விட்டுவிட்டு அவர் எங்கே ஓடப்போகிறார்?

அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் கெடு. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் தாண்டிக்குடியிலிருந்து வத்தலகுண்டு வழியாகத் திண்டுக்கல் போகிறேன். ஆதாரும் வீட்டு வரி ரசீதும் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் வாருங்கள். டிக்கெட் நான் எடுக்கிறேன். டீயும் நானே வாங்கிக்கொண்டு வருகிறேன். நீங்கள் கோர்ட்டு வாசலை விட்டு நகர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்ப் பெண்