எத்தனை டிக்கெட் என்று மட்டும் சொல்

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் ஐரோப்பாப் பயணத்தைப் பற்றிக் கேட்டதற்கு "எல்லாம் நீங்களே பாத்துக்கோங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். பார்த்துக்கொள்கிறேன். ஆனால் என்னால் பார்த்துக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கையெழுத்து.

முதலில் பெரியவளின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார். சிறுவர் பாஸ்போர்ட் 5 வருடம், அல்லது 18 வயது முடியும் வரை, எது முந்துகிறதோ அதுவரைதான் செல்லும். அவளுக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் 18 முடிகிறது. நாம் திரும்புவது மே கடைசியில். ஷெங்கன் நாடுகளை (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து இன்னும் 3 மாதமாவது பாஸ்போர்ட் உயிரோடு இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று வாரம் உதைக்கிறது. அதனால் விசாவுக்கு முன்பே புதுப்பித்தாக வேண்டும். அதற்கு அனெக்ஸர் டி என்ற சம்மதப் படிவம், பெற்றோர் இருவர் கையெழுத்தும். ஒருவர் மட்டும் போடுவதானால் அனெக்ஸர் சி, காரணமும் எழுத வேண்டும்.

விசா விண்ணப்பத்திலும் இதே கதைதான். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் கூட வரவில்லை என்றால், வராதவரின் சம்மதக் கடிதம் நோட்டரி முத்திரையோடு, அவருடைய பாஸ்போர்ட் நகலும் சேர்த்து. போனில் பேசும்போது பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டு நாளாகிறது. வேலை அதிகமாக இருக்கும். கையெழுத்து மட்டும் மறந்துவிடாதே.

பாரிஸில் 5 இரவு, சுவிஸில் லூசர்னில் 3 இரவு என்று போட்டிருக்கிறேன். அதிக இரவு தங்கும் நாட்டில்தான் விசா கேட்க வேண்டும், ஆகவே பிரான்ஸ். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு வர 15 நாள், சிக்கலானால் 45 நாள் வரை இழுக்கும். மே மாதத்துக்கு எல்லோரும் முண்டியடிப்பார்கள், எனவே மார்ச்சுக்குள் முடித்துவிடு. 12 வயதுக்கு மேல் பாதிக் கட்டணம் கிடையாது, பிள்ளைகளுக்கும் 90 யூரோதான். கைரேகைக்கு அவர்களும் நேரில் வர வேண்டும். மருத்துவக் காப்பீடு ஆளுக்கு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது.

மூன்றாவது நகரம் வேண்டாம் என்று பெரியவளிடம் நீயே சொல். எட்டு இரவில் ஊர் மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் போய்விடும்: அறை காலி செய்வது, பெட்டி, ஸ்டேஷன், புது ஊரில் மூன்று மணிக்குத்தான் அறை. பாரிஸ் கார் தெ லியோன் ஸ்டேஷனிலிருந்து சுவிஸின் பாசெலுக்கு டிஜிவி லிரியா என்ற அதிவேக ரயில் சுமார் 3 மணி நேரம், அங்கிருந்து லூசர்ன் 1 மணி நேரம். விமானத்தைவிட இதுதான் நல்லது. இந்த டிக்கெட் நாள் நெருங்க நெருங்க ஏறும். இங்கேயும் தலை எண்ணிக்கை தெரிய வேண்டும்.

சுவிஸில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஸ்விஸ் டிராவல் பாஸ் வாங்கினால் 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு ஃபேமிலி கார்டில் இலவசம், ஆனால் கூட வருவது அப்பாவோ அம்மாவோ ஆக இருக்க வேண்டும். தாத்தா பாட்டி கணக்கில் வரமாட்டோம். சின்னவன் உன் பாஸோடு போய்விடுவான். பெரியவளுக்கு இளைஞர் பாஸ், முழு விலையில் 30 சதவீதம் குறைவு. ஏரிப் படகும் ரிகி மலை ரயிலும் அதிலேயே அடக்கம். விட்ஸ்னாவிலிருந்து ஏறும் அந்தப் பல்சக்கர ரயில் 1871இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். தண்டவாளத்தின் நடுவில் ஏணிபோல் ஒரு பட்டை இருக்கும், எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும். சின்னவனை முன்பக்கம் நிற்க விடு, கேள்வி கேட்டே தீர்த்துவிடுவான்.

பாரிஸில் பிள்ளைகளைக் காலை எட்டு மணிக்கு எழுப்பாதே. மே கடைசியில் அங்கே ஒன்பதரைக்கு மேல்தான் பொழுது சாயும், அவசரமே இல்லை. ஒரு நாளைக்கு முன்பதிவு செய்த இடம் ஒன்றே போதும், பதினொரு மணிக்கு மேல். லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்குக் கீழே இலவசம், இருந்தாலும் நேரம் முன்பதிவு செய்துவிடு. செவ்வாய் விடுமுறை. ஒர்சே அருங்காட்சியகமும் வெர்சாய் அரண்மனையும் திங்கள் விடுமுறை. ஐஃபெல் கோபுர லிஃப்ட் டிக்கெட் 60 நாள் முன்னால் திறக்கும், சீக்கிரம் தீரும். பிள்ளைகள் இரண்டாம் தளம் வரை 674 படி ஏறட்டும், உன் அம்மாவுக்கு லிஃப்ட். மெட்ரோவில் பெரும்பாலான நிலையங்களில் படிதான், அவள் முழங்காலுக்குப் பேருந்தே நல்லது. 14ஆம் லைனில் மட்டும் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு.

மெட்ரோக் கதவருகே நின்று பெரியவள் போனைப் பார்க்கக் கூடாது. கதவு மூடும் நொடியில் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள், வண்டி கிளம்பிவிடும். மனுவில் கையெழுத்துக் கேட்டு அட்டையை நீட்டுபவர்கள் பக்கம் நிற்கவே வேண்டாம். மதியம் இரண்டரைக்குப் பிறகு பல உணவகங்களில் சமையலறை மூடி ஏழு மணிக்குத்தான் திறக்கும். சின்னவனுக்கு நான்கு மணிக்குப் பசிக்கும், பையில் ஏதாவது இருக்கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கென்று விற்கும் ரோமிங் பேக் சுவிஸில் வேலை செய்யாமல் போகலாம், வாங்கும்போதே கேள்.

அறைதான் என்னைத் தடுக்கிறது. ஆறு பேர் என்றால் இருவர் இருவராக மூன்று அறை. ஐந்து என்றால் நீயும் பெரியவளும் ஒன்றில், நான் சின்னவனோடு, அம்மாவுக்குத் தனியாக. பாரிஸில் அறைகள் சிறியவை, மூன்றாவது கட்டில் போட இடம் இருக்காது. ஆறுக்குப் பதிவு செய்து பிறகு குறைத்தாலும் சரி, ரத்து செய்யக்கூடிய கட்டணத்தில் போடுகிறேன். கொஞ்சம் கூடுதல்தான், பரவாயில்லை.

நீ எப்போதும் எல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டில் சொல்வாய். காலேஜ் மாறியதும் அப்படித்தான், வேலையை விட்டதும் அப்படித்தான். அந்தத் தைரியம் எனக்குப் பெருமை. ஆனால் இந்த முறை கொஞ்சம் முன்னால் சொல்லம்மா. காரணம் கேட்கமாட்டேன். ஆறா ஐந்தா, அது போதும். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அனெக்ஸர் டி, அனெக்ஸர் சி இரண்டையும் அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எது தேவையோ அதை நிரப்பு. நோட்டரியிடம் போக வேண்டுமானால் நான் வருகிறேன், ஒரு நாள் முன்னால் சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா