மாப்ள, உன் தடுப்பூசி கார்டு எங்க?

மாப்ள சேகர்,

நல்லா இருக்கியா, தங்கச்சிக்கு முட்டுவலி தேவலையா? மூணு மாசமா ஒழுங்கா பேசலைன்னு கோவப்பட்டல்ல, போன்ல சொன்னா பதறுவன்னுதான் சொல்லல. எனக்கு அக்கி வந்துருச்சுடா.

மொதல்ல வலது விலாவுல சுருக் சுருக்னு குத்துச்சு, கேஸ்னு நெனச்சு ஓமத்தண்ணி குடிச்சேன். மூணாம் நாள் பாத்தா முதுகுல இருந்து மாருக்கு அடி வரைக்கும் பாதி பெல்ட் கட்டுன மாதிரி கொப்புளம். அம்மா சொல்லவும் குயவர் வீட்டுக்குப் போய் காவியில அக்கி எழுதிட்டு வந்தேன், பெரியவர் பொறுமையா எழுதினாரு, அந்த நேரத்துக்கு குளுகுளுன்னுதான் இருந்துச்சு, ஆனா அதுலயே நாள் ஓடிருச்சு. கொப்புளம் கெளம்புன 72 மணி நேரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சாத்தான் நல்லா கேக்கும்னு டாக்டரம்மா அப்புறம் சொன்னாங்க. புண்ணு காஞ்சு உதிந்துருச்சு, வலி போகல மாப்ள. பனியன் உரசுனாலே தீ பட்ட மாதிரி இருக்கு, ராத்திரி சட்டை இல்லாம, ஃபேன் காத்து கூட படாம ஒருக்களிச்சுப் படுக்குறேன்.

ஆறாங்கிளாஸ்ல உனக்கு சின்னம்மை வந்து வாசல்ல வேப்பிலை சொருகி இருந்தாங்களே, அடுத்தடுத்து எனக்கும் வந்துச்சே, அதே கிருமிதானாம் இது. அம்மை எறங்குனாலும் அது போகாம நரம்புக்குள்ள கெடந்து, வயசாகி எதிர்ப்பு சக்தி கொறையும்போது முழிச்சுக்குதாம். சுகர் இருந்தா வாய்ப்பு இன்னும் ஜாஸ்தி, அதான் உனக்கு இவ்வளவு எழுதுறேன். இதுக்கு தடுப்பூசி இருக்குடா, ஷிங்கிரிக்ஸ்னு பேரு, 50 வயசுக்கு மேல போடுறது, ரெண்டு டோஸ், 2 மாசத்துல இருந்து 6 மாசத்துக்குள்ள ரெண்டாவது. 2023லயே நம்ம நாட்டுக்கு வந்துருச்சு, எனக்குத்தான் யாரும் சொல்லல. விலை ஜாஸ்தி, மறைக்கல, ஊசி போட்ட கையும் ஒண்ணு ரெண்டு நாள் வலிக்கும், காய்ச்சல் கூட அடிக்கும். இந்த வலிய பாத்தவன் சொல்றேன், அதெல்லாம் ஒண்ணுமே இல்ல. வந்து போனவங்களும் போட்டுக்கலாமாம், நானும் போடப்போறேன்.

டாக்டரம்மா கடைசியா எப்ப தடுப்பூசி போட்டீங்கன்னு கேட்டப்ப கொரோனா ஊசி தவிர எதுவுமே சொல்லத் தெரியல. பசங்களோட கார்டு மட்டும் பீரோவுல பிளாஸ்டிக் கவர்ல பத்திரமா இருக்கு, போலியோ சொட்டு மருந்து தேதி வரைக்கும் எழுதி வச்சிருக்கோம். நமக்குன்னு ஒரு கார்டு இருந்துச்சா? டிடி ஊசி, அதான் ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் போடுறது, 10 வருஷத்துக்கு ஒருக்கா போடணுமாம், நாம ஆணி குத்துனா மட்டும் ஓடுறோம். சுகர்காரங்களுக்கு வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி, அது போக நிமோனியா ஊசி, பி வகை மஞ்சகாமாலைக்கு போட்டிருக்கா இல்லையான்னு எல்லாத்தையும் உன் சுகர் டாக்டர்கிட்ட கேட்டு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கு.

இன்னொண்ணு, உன் மகளுக்கு தை மாசம் பிரசவம்னு சொன்ன. குழந்தைக்கு கக்குவான் இருமலுக்கு மொத ஊசியே ஆறு வாரம் கழிச்சுத்தான், அதுவரைக்கும் தூக்கிக் கொஞ்சுற நம்மகிட்ட இருந்துதான் ஒட்டும். டிடேப்னு கேளு, வெறும் டிடியில கக்குவானுக்கு மருந்து கிடையாது. தங்கச்சியையும் கூட்டிட்டுப் போ, பிரசவத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியாவது போட்டுருங்க. மகளும் மாசமா இருக்கும்போதே போட்டுக்கணும், அவ டாக்டர்கிட்ட இப்பவே கேக்கச் சொல்லு.

போட்டுட்டு அந்தப் பேப்பர போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பு, நான் என்னோடத அனுப்புறேன்.

உன்
பாண்டி