கில்காமெஷ் மூலிகை தேடியது நண்பனுக்காக அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கில்காமெஷ் காவியம் பற்றிய கட்டுரையை ரசித்துப் படித்தேன். அந்தக் காவியம் பிறந்த பழைய மெசபடோமியா, அதாவது இன்றைய இராக் பகுதி, பற்றித் தமிழில் எழுதுபவர்கள் குறைவு. இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், இறந்த நண்பன் என்கிடுவை உயிர்ப்பிக்கத்தான் கில்காமெஷ் மூலிகை தேடிப் போனான் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியல்ல. எமனோடு வாதாடிக் கணவனை மீட்ட சாவித்திரி கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றும். உருக் நகரத்து அரசனான கில்காமெஷ் அப்படி எதுவும் கேட்கவில்லை. அவன் கேட்டது தனக்குச் சாகாவரம்.

என்கிடு 12 நாள் நோயில் கிடந்து சாகிறான். உடலைப் புதைக்க விடாமல் ஆறு பகல், ஏழு இரவு அழுதுகொண்டிருக்கிறான் கில்காமெஷ். பிணத்தின் மூக்கிலிருந்து ஒரு புழு விழுந்த பிறகுதான் விடுகிறான். காட்டைக் காக்கும் அரக்கன் ஹும்பாபாவைக் கொல்லக் கிளம்பியபோது, தயங்கிய என்கிடுவிடம் 'செத்தால் என்ன, பேர் நிற்கும்' என்ற தோரணையில் பேசியவனும் இதே ஆள்தான்! இப்போது விலங்குத் தோலைப் போர்த்திக்கொண்டு காடு மேடெல்லாம் அலைகிறான். சாராயக் கடைக்காரி சிதுரி, ஓடக்காரன் உர்ஷனாபி, பிரளயத்தில் பிழைத்துச் சாகாவரம் பெற்ற உத்னபிஷ்டிம் என்று மூன்று பேரிடமும் ஏறக்குறைய ஒரே சொற்களில் புலம்புகிறான். மூன்று முறையும் பேச்சு 'என் நண்பன் மண்ணாகிவிட்டான்' என்று தொடங்கி, 'நானும் அப்படித்தான் ஆவேனா' என்பதில் போய் நிற்கிறது. இதைச் சுயநலம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கூடவே இருந்தவர் போன பிறகுதானே பலருக்கும் தன் சாவு உறைக்கிறது.

பழைய சுமேரியப் பாடல்களில் என்கிடு பெரும்பாலும் வேலைக்காரன். அவனைச் சரிக்குச் சமமான தோழனாக்கியது பின்னால் வந்த அக்காடிய மொழிக் கவிஞர்கள். அந்த ஒரு மாற்றத்தால்தான் அரசன் ஊரை விட்டு ஓடுவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. நட்பை முதல் பாதி, சாகாவரத்தை இரண்டாம் பாதி என்று கட்டுரை பிரித்திருப்பது அதனால்தான் எனக்கு ஒப்பவில்லை.

'தூக்கச் சோதனையில் தோற்றான்' என்று ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கும் இடம், என்னைக் கேட்டால், காவியத்திலேயே அருமையானது. ஆறு பகல் ஏழு இரவு தூங்காமல் இரு பார்ப்போம் என்கிறார் உத்னபிஷ்டிம். உட்கார்ந்த மாத்திரத்தில் தூங்கிவிடுகிறான். அவர் மனைவி நாளுக்கு ஒரு ரொட்டி சுட்டு அவன் தலைமாட்டில் வைக்கிறாள். ஏழாவது ரொட்டி அடுப்புத் தணலில் இருக்கும்போது தொட்டு எழுப்புகிறார்கள். இப்போதுதானே கண் அசந்தேன் என்கிறான். முதல் ரொட்டி காய்ந்து கிடக்கிறது, இன்னொன்று பூசணம் பூத்திருக்கிறது. தூக்கத்தையே வெல்ல முடியாத ஆள் சாவை எங்கே வெல்வது?

அப்புறம் அந்த மூலிகை, தின்றவருக்கு இளமையைத் திருப்பித் தருவது. காலில் கல்லைக் கட்டி நீருக்குள் இறங்கி எடுத்து வருகிறான். உருக்கில் ஒரு கிழவனுக்குக் கொடுத்துப் பார்ப்பேன், பிறகு நானும் தின்று இளமைக்குத் திரும்புவேன் என்கிறான். நண்பனுக்காகப் பறித்திருந்தால் என்கிடுவின் பெயர் இந்த இடத்தில் வந்தே ஆகவேண்டும். வரவில்லை. குளிக்கப் போன நேரத்தில் பாம்பு அதைக் கொண்டுபோய்விடுகிறது.

இன்னொரு சின்னத் திருத்தம். காவியத்தின் களிமண் பலகைகளை 1872-இல் தோண்டி எடுத்தவர் ஜார்ஜ் ஸ்மித் என்று பெட்டிச் செய்தியில் உள்ளது. ஸ்மித் அந்த ஆண்டு லண்டனில் உட்கார்ந்து பிரளயப் பகுதியைப் படித்துச் சொன்னவர். அந்தப் பலகைகள் பல கிடைத்த இடமான, நினேவே நகரில் அசீரிய அரசன் அசூர்பனிபாலின் வடக்கு அரண்மனையை 1853-இல் தோண்டியவர் ஹோர்முஸ்த் ரஸ்ஸாம். அவர் டைக்ரிஸ் ஆற்றுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மோசூலிலேயே பிறந்தவர். அடுத்த இதழில் அவர் பெயரையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருநெல்வேலி